வடசென்னைக்குப் புதிதாக வருபவர்களுக்கு: பழைய டீசல் ஆட்டோமேட்டிக் கார் வாங்கும் முன்

மஸ்கட், துபாய், கோலாலம்பூர், கொழும்பு என்று எங்கிருந்தோ வந்து திருவொற்றியூரிலோ பெரம்பூரிலோ மாதவரத்திலோ வீடு பிடித்து இறங்குபவர்கள், கேஸ் இணைப்பும் பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் ஒரு வழியாக முடிந்ததும் அடுத்து விசாரிப்பது காரைத்தான். பல வருஷம் ஆட்டோமேட்டிக் ஓட்டிய காலுக்கு மறுபடி கிளட்ச் மிதிக்க மனம் வராது. மாதம் ஒருமுறை சொந்த ஊருக்குப் போய்வர வேண்டும், அதனால் டீசல் என்பார்கள். புது வண்டியின் விலையைக் கேட்டதும் செகண்ட் ஹேண்ட் பக்கம் திரும்புவார்கள்.

அதில் தவறே இல்லை. நல்ல வண்டிகள் இங்கே கிடைக்கின்றன. ஆனால் வடசென்னையில் ஒரு கார் படும் பாடு தனி. துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் எண்ணூர் நெடுஞ்சாலையில் ஊர்ந்து ஊர்ந்து கியர் பாக்ஸ் சூடேறும். காசிமேட்டுக் கடற்காற்றின் உப்பு அடிப்பாகத்தை அரிக்கும். மழை வந்தால் தெருவிலேயே முழங்கால் அளவு தண்ணீரில் வண்டி நிற்கும். விற்பவர் காட்டும் பளபளப்பில் இந்த மூன்றும் தெரியாது. நீங்கள் தேட வேண்டியது இவற்றைத்தான். கிலோமீட்டரும் பெயின்ட்டும் அப்புறம்.

பர்மாவிலிருந்து வந்து வியாசர்பாடியில் குடியேறிய குடும்பம் எங்களுடையது. கையில் கொஞ்சம் பணத்தோடு புது ஊரில் இறங்கியவர்கள் எப்படியெல்லாம் ஏமாந்தார்கள் என்று தாத்தா சொல்லக் கேட்டு வளர்ந்தவன் நான். அதனால்தான் இதை இவ்வளவு நீட்டி எழுதுகிறேன்.

முதலில், டீசல்தான் வேண்டுமா?

வளைகுடாவில் நீங்கள் ஓட்டியது பெரும்பாலும் பெட்ரோலாக இருக்கும். இலங்கையிலிருந்து வந்தவர்கள் ஜப்பான் பெட்ரோலோ ஹைபிரிட்டோ ஓட்டியிருப்பார்கள். டீசலின் குணம் வேறு. 2020 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் விற்ற கார்கள் பி.எஸ்.6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிக்கு உட்பட்டவை. அந்த டீசல் கார்களின் சைலன்சர் வழியில் டி.பி.எஃப். என்ற வடிகட்டி இருக்கிறது. புகையில் வரும் கரியை அது பிடித்து வைத்து, நல்ல சூடு ஏறியதும் எரித்துவிடும். அந்தச் சூடு ஏற, வண்டி நிற்காமல் கால் மணி, இருபது நிமிடமாவது வேகமாக ஓட வேண்டும். தண்டையார்பேட்டையிலிருந்து பாரிமுனைக்குத் தினமும் சிக்னல் சிக்னலாக நின்று போனால் அது எரியாது, அடைத்துக்கொள்ளும். டேஷ்போர்டில் விளக்கு எரியும், பிக்அப் குறையும், கடைசியில் பெரிய செலவு வரும்.

2021 பிப்ரவரியிலிருந்து மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது. வேலைக்கு அதில் போய்விட்டு, வாரக் கடைசியில் காரை நெடுஞ்சாலையில் ஓட்டுபவர் என்றால் டீசல் உங்களுக்குச் சரி. பிள்ளையைப் பள்ளியில் விடவும் மார்க்கெட்டுக்குப் போகவும் மட்டும்தான் கார் என்றால் பெட்ரோல் ஆட்டோமேட்டிக் வாங்குங்கள். தயங்காமல் சொல்கிறேன்.

இதனாலேயே இன்னொன்றும் சொல்ல வேண்டும். "நாலு வருஷத்தில் வெறும் 18,000 கிலோமீட்டர், டாக்டர் வண்டி" என்று விற்பவர் சொன்னால் பலர் மயங்கிவிடுகிறார்கள். பெட்ரோல் காருக்கு அது நல்ல செய்தியாக இருக்கலாம். பி.எஸ்.6 டீசல் என்றால் எனக்குச் சந்தேகம்தான் வரும். சர்வீஸ் கணக்கோடு, ஹைவேயில் 80,000 ஓடிய வண்டியே மேல்.

சிங்கப்பூரிலிருந்து வருபவர்களுக்குப் பத்து வருஷம் என்றால் காரின் ஆயுசு முடிந்த மாதிரி. இங்கே பதிவு 15 வருஷத்துக்குச் செல்லும், அப்புறம் வண்டியைக் காட்டி ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பிக்கலாம். பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டிகளுக்குக் கெடுபிடி இருப்பது டெல்லி வட்டாரத்தில். அதனால் அங்கிருந்து மலிவாக இறக்கிய வண்டிகள் இங்கே விற்பனைக்கு வரும். விலையைக் கேட்டால் ஆசையாக இருக்கும். அங்கிருந்து என்.ஓ.சி. என்ற ஆட்சேபணையில்லாச் சான்று, இங்கே மறுபதிவு, லைஃப் டாக்ஸ் எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

எஞ்சினை ஆறியிருக்கும்போது பாருங்கள்

காலை ஏழு மணிக்கு வருகிறேன், அதுவரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று விற்பவரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். எங்கள் தெரு மெக்கானிக் பாய் வண்டியைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்னால் நேராகப் போய் பானட்டின்மேல் உள்ளங்கையை வைப்பார். மாதவரத்தில் ஒரு வீட்டில் அப்படி வைத்ததும் கையை எடுத்துவிட்டு, "சூடா கீது தம்பி. காத்தாலயே ஓட்டி வச்சிருக்காங்க. நாளைக்கு வரலாம் வா" என்று திரும்பிவிட்டார். மறுநாள் நான் கூப்பிட்டபோது அந்த வீட்டுக்காரர் போனை எடுக்கவில்லை.

சூடான டீசல் எஞ்சின் தன் நோயை மறைத்துவிடும். ஆறிய எஞ்சின்தான் உண்மையைச் சொல்லும். சாவி திருப்பியதும் இரண்டு மூன்று விநாடியில் பிடிக்க வேண்டும். "குளிருக்கு அப்படித்தான்" என்பது இந்த ஊரில் செல்லாது, மார்கழிக் காலையிலும் டீசல் எஞ்சினை வாட்டும் குளிர் நமக்கு இல்லை. ஒருவரைப் பின்னால் நிற்கச் சொல்லிப் புகையைக் கவனியுங்கள். நீலப் புகை என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் இன்ஜெக்டர் கோளாறு, அல்லது கூலன்ட் உள்ளே கசிகிறது. ஆக்ஸிலேட்டர் மிதிக்கும்போது கருப்பாகக் கக்கினால் டர்போ குழாயில் கசிவு, இன்ஜெக்டர், புகையில் ஒரு பகுதியை எஞ்சினுக்கே திருப்பிவிடும் இ.ஜி.ஆர். வால்வு என்று ஏதோ ஒன்று இருக்கிறது.

எஞ்சின் ஓடும்போதே ஆயில் ஊற்றும் மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். மெல்லிய ஆவி வந்தால் பரவாயில்லை. குக்கர் மாதிரி புஸ் புஸ் என்று அடித்தால் உள்ளே ரிங் தேய்ந்துவிட்டது, அந்த வண்டியை விட்டுவிடலாம். எஞ்சினை நிறுத்திக் கொஞ்ச நேரம் கழித்து டிப்ஸ்டிக்கை உருவிப் பாருங்கள். ஆயில் மேல் கோட்டைத் தாண்டி நின்று டீசல் வாடை அடித்தால், டி.பி.எஃப். கரியை எரிக்க முயன்று முயன்று முடியாமல் டீசல் ஆயிலில் இறங்கியிருக்கிறது. சைலன்சர் முனையில் விரலை விட்டுத் துடையுங்கள். பி.எஸ்.6 வண்டியில் விரல் அடுப்புக்கரி மாதிரி கருத்தால், அந்த வடிகட்டி உடைந்திருக்கிறது, அல்லது யாரோ கழற்றிப் போட்டுவிட்டார்கள்.

மெக்கானிக்கை ஸ்கேனரோடு வரச் சொல்லுங்கள். பழைய எச்சரிக்கைகளை நேற்று அழித்திருந்தால், வண்டி தன் சுயசோதனைகளை இன்னும் முடிக்கவில்லை என்று ஸ்கேனர் காட்டிக்கொடுக்கும்.

கியர் பாக்ஸைச் சூடாக்கிப் பாருங்கள்

இது நேர் எதிர். ஆட்டோமேட்டிக் கியர் பாக்ஸ் காலையில் சமர்த்தாக இருக்கும். நெரிசலில் அரைமணி ஊர்ந்த பிறகுதான் முரண்டு பிடிக்கும். ஆகவே இரண்டாவது முறை மாலையில் போங்கள்.

ஆட்டோமேட்டிக் என்பது பெயர்தான், உள்ளே இருப்பது வண்டிக்கு வண்டி வேறு. கிரெட்டா டீசல், இன்னோவா கிறிஸ்டா, எக்ஸ்.யு.வி.500 ஆகியவற்றில் டார்க் கன்வர்ட்டர், அதாவது எஞ்சின் விசையை ஆயில் வழியாகக் கியர் பாக்ஸுக்குக் கடத்தும் வகை. நீங்கள் வெளிநாட்டில் ஓட்டிப் பழகியது பெரும்பாலும் இதுதான். நம் நெரிசலைத் தாங்குவதிலும் இதுவே முன்னால் நிற்கும். டிசையர், பிரெஸ்ஸா, நெக்ஸான் டீசல்களில் வந்தது ஏ.எம்.டி. அது சாதாரண மேனுவல் கியர் பாக்ஸ்தான், கிளட்சை மிதித்துக் கியர் மாற்றும் வேலையை மட்டும் நமக்குப் பதிலாக ஒரு கருவி செய்கிறது. கியர் மாறும்போது லேசாகத் தலை ஆடுவது அதன் சுபாவம், அதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம். மாருதியின் ஏ.எம்.டி.யில் 'பி' என்ற பார்க்கிங் நிலையே கிடையாது, தேடாதீர்கள். கியரில் போட்டு ஹேண்ட் பிரேக் இழுத்து நிறுத்த வேண்டும். வென்டோ, ரேபிட் டீசல்களில் வந்தது ஏழு கியர் டி.எஸ்.ஜி., இரட்டைக் கிளட்ச் வகை. ஹைவேயில் வெண்ணெய் மாதிரி போகும். ஆயிலில் நனையாத உலர் கிளட்ச் என்பதால் ஊர்ந்து போகும் வெயில் நெரிசலில் அதற்குக் கஷ்டம், பழுதானால் செலவு லட்சத்தைத் தொடும். துறைமுகச் சாலையில் தினம் போகிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். 2018இல் வந்த அமேஸ் டீசலில் தனித்தனிக் கியர் இல்லாத சி.வி.டி. இருந்தது, டீசலில் அது அபூர்வம்.

வண்டி நிற்கும்போதே, பிரேக்கை மிதித்துக்கொண்டு நியூட்ரலிலிருந்து 'டி'க்கும் 'ஆர்'க்கும் மாற்றிப் பாருங்கள். ஒரு விநாடிக்குள் பிடிக்க வேண்டும். தாமதித்துப் பிடிப்பதும், டங்கென்று இடிப்பதும் கெட்ட அறிகுறி. அப்புறம் பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு ஜவுளிக்கூட்டத்துக்குள் விடுங்கள். விற்பவர் முகம் சுளிப்பார், பரவாயில்லை. இருபது நிமிடம் ஊர்ந்த பிறகு அதிர்கிறதா, முதல் இரண்டு கியருக்கு நடுவே தடுமாறுகிறதா, எரிந்த வாடை வருகிறதா என்று பாருங்கள். மூலக்கடை மேம்பாலம் ஏறும் இடத்தில், பின்னால் யாரும் இல்லாதபோது நிறுத்தி, மறுபடி கிளப்பிப் பாருங்கள். கிளட்ச் தேய்ந்த ஏ.எம்.டி. இங்கே உதறும். கடைசியாக மீஞ்சூர் பக்கம் அவுட்டர் ரிங் ரோட்டில் ஏறி, சாலை காலியாக இருக்கும் இடத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்துங்கள். எஞ்சின் இரைச்சல் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் உள்ளே வழுக்குகிறது.

டார்க் கன்வர்ட்டர் வண்டியின் கியர் ஆயிலைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பல புது வண்டிகளில் அதற்கு டிப்ஸ்டிக் கிடையாது. லிஃப்டில் ஏற்றி, அடியில் இருக்கும் பிளக்கைத் திறந்துதான் பார்க்க முடியும். அந்தச் செலவு உங்களுடையதாக இருக்கட்டும். பெரும்பாலான வண்டிகளில் புது ஆயில் தெளிந்த சிவப்பு. காப்பி நிறத்தில் எரிந்த வாடை அடித்தால் உள்ளே பிளேட்டுகள் தேய்ந்திருக்கும். ரோஸ் மில்க் மாதிரி கலங்கலாக இருந்தால் அதில் தண்ணீரோ கூலன்ட்டோ கலந்துவிட்டது, பேரமே பேசாமல் இறங்கிவிடுங்கள். "இது லைஃப் டைம் ஆயில் சார், மாத்தவே வேணாம்" என்பவரை நம்பாதீர்கள். லிஃப்டில் ஏற்றிய கையோடு அடிப்பாகத்தின் துருவையும் பார்த்துவிடலாம். பிரேக் குழாய்கள், சஸ்பென்ஷன் கைகள், சைலன்சர் கிளாம்புகள். புதிதாகக் கருப்பு பெயின்ட் அடித்திருந்தால் ஸ்க்ரூடிரைவர் முனையால் தட்டிப் பாருங்கள்.

தண்ணீரில் நின்ற வண்டி

2015 டிசம்பர் வெள்ளம் எல்லோருக்கும் தெரியும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பெரம்பூர், புளியந்தோப்பு, மணலி புதுநகர் என்று எங்கும் தண்ணீர். எண்ணூர்ப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் கலந்து வந்தது. கணேசபுரம் சுரங்கப்பாதை சாதாரண மழைக்கே நிறைந்துவிடும். அப்படி நின்ற வண்டிகள் எல்லாம் காயலான் கடைக்குப் போகவில்லை. கழுவி, சீட் துணி மாற்றி, சென்ட் அடித்து மறுபடி விற்பனைக்கு வந்தன.

அதில் ஒன்றைத்தான் என் பெரியம்மா மகன் வாங்கினார். மஸ்கட்டிலிருந்து திரும்பிய இரண்டாம் மாதம், வெள்ளை நிற எஸ்.யு.வி., கூடப் போனவன் நான். உள்ளே கார்பெட் புதிதாக இருந்தது. நன்றாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று சந்தோஷப்பட்டேன். ஏன் புதிது என்று கேட்டிருக்க வேண்டும். நாலாவது மாதம், மழை பெய்த ஒரு மாலை, ஏர்பேக் விளக்கு எரிந்தது. கொஞ்ச தூரத்தில் கியர் எதிலும் விழாமல் வண்டி நடுரோட்டில் நின்றது, அண்ணி, பிள்ளைகளோடு. பாய் கார்பெட்டைத் தூக்கி ஒரு ஒயர் இணைப்பைப் பிடுங்கிக் காட்டினார். செம்பு முனைகள் முழுக்கப் பச்சைக் களிம்பு. பிறகு டிரைவர் சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்தார். தினமும் நாங்கள் இழுக்கும் பகுதி சுத்தமாக இருந்தது, அதற்கு அப்பால் ஒரு சாண் நீளத்துக்குச் சேற்றுக்கோடு. அண்ணன் ஒரு வார்த்தை பேசவில்லை. ஐந்து விநாடி வேலை, அன்றைக்கு நான் செய்யவில்லை.

ஆகவே பெல்ட்டை முழுசாக இழுங்கள், நாலு சீட்டிலும். சீட்டைத் தாங்கும் தண்டவாளத்திலும் போல்ட்டுகளிலும் துரு இருக்கிறதா என்று டார்ச் அடியுங்கள். ஸ்டெப்னி இருக்கும் பள்ளத்தில் வண்டல் தேடுங்கள். ஏ.சி.யை நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றி, பத்து நிமிடம் வெயிலில் விட்டுவிட்டுக் கதவைத் திறந்து மோந்து பாருங்கள். சென்ட் வாசனைக்கு அடியில் ஈரச் சாக்கு நாற்றம் வந்தால் கிளம்பிவிடுங்கள். சாவி போட்டதும் ஏர்பேக், எஞ்சின் விளக்குகள் ஒருமுறை எரிந்து அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் பல்பைப் பிடுங்கியிருக்கிறார்கள். இன்சூரன்ஸ் கிளெய்ம் வரலாறு கேளுங்கள். 2015இலோ 2023இலோ டிசம்பரை ஒட்டிப் பெரிய கிளெய்ம் இருந்தால் மேற்கொண்டு விசாரிக்க ஒன்றும் இல்லை.

பேப்பர் வேலை

நம்பர் பிளேட்டில் டி.என். 03 என்றால் தண்டையார்பேட்டை ஆர்.டி.ஓ., டி.என். 18 என்றால் செங்குன்றம். வண்டி எங்கே பதிவானது என்றுதான் அது சொல்லும், எங்கே ஓடியது என்று சொல்லாது. அரசின் பரிவாகன் இணையதளத்தில் எத்தனையாவது ஓனர், இன்சூரன்ஸ் இருக்கிறதா, கடன் பாக்கி இருக்கிறதா, இ-சலான் அபராதம் நிற்கிறதா என்று பாருங்கள். ஆர்.சி.யில் உள்ள சேஸிஸ் எண்ணை வண்டியில் அடித்திருக்கும் எண்ணோடு எழுத்து எழுத்தாக ஒப்பிடுங்கள். பெயர் மாற்ற ஃபார்ம் 29, 30. கடன் இருந்து முடிந்திருந்தால் பேங்க் என்.ஓ.சி.யும் ஃபார்ம் 35உம் வேண்டும். உங்கள் பெயரில் உள்ளூர் முகவரிச் சான்று இல்லாமல் மாற்ற முடியாது, ஆகவே கார் தேடும் முன்பே அதை வாங்கி வையுங்கள். இன்சூரன்ஸை 14 நாளுக்குள் உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். பழைய ஓனரின் நோ கிளெய்ம் போனஸ் அவரோடு போய்விடும், அதை விலையில் சேர்த்துப் பேசினால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுத்துவிடும் வழக்கம் இங்கே நிறைய. ஆர்.சி. உங்கள் பெயரில் வரும்வரை ஒரு தொகையைப் பிடித்து வைத்துக்கொள்வதாக, டோக்கன் அட்வான்ஸ் கொடுக்கும்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். அண்ணன் இரண்டாவதாக ஒரு கிறிஸ்டா வாங்கினார், செங்குன்றம் பக்கத்தில் ஒரு வீட்டில். காலையில் ஒருமுறை, மாலையில் ஒருமுறை, லிஃப்டில் ஒருமுறை பார்த்தோம். இருபதாயிரம் பாக்கி வைத்தார். ஸ்பீடு போஸ்ட்டில் ஆர்.சி. வந்த அன்று சாயங்காலம் அந்த வண்டியிலேயே போய் அந்தப் பாக்கியைக் கொடுத்துவிட்டு வந்தோம்.