பழைய பெட்ரோல் காரில் மிஸ்ஸிங், பிக்கப் குறைவு: பாகங்களை மாற்றும் முன் காரணத்தைக் கண்டறியும் முறை

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் நடுங்குகிறது, ஆக்சிலரேட்டரை அழுத்தினால் வண்டி ஒரு கணம் தயங்கிவிட்டுத்தான் நகர்கிறது, சென்னை கத்திப்பாரா மேம்பாலத்தில் ஏறவே கியரைக் குறைக்க வேண்டியிருக்கிறது என்றால் உடனே பாகங்களை வாங்கக் கிளம்பிவிட வேண்டாம். எங்கள் வீட்டு 2007ஆம் ஆண்டு காருக்கு ஒரு பணிமனையில் முதலில் பொறி உண்டாக்கும் பிளக்குகளையும், பிறகு அவற்றுக்கு உயர் மின்னழுத்தம் தரும் காயிலையும் மாற்றினார்கள். கடைசியில், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்தனுப்பும் இன்டேக் மேனிஃபோல்டின் பின்புறம் விரல் நீள ரப்பர் குழாய் ஒன்று வெடித்திருந்ததுதான் காரணம் என்று தெரிந்தது. அன்று முதல் கீழே உள்ள வரிசையை நான் மீறுவதில்லை. இது நான்கு சிலிண்டர், ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் பெட்ரோல் கார்களுக்கானது.

முதலில், கோளாறு எப்போது தெரிகிறது என்று கவனியுங்கள். காற்றோட்டமான சமதளத்தில் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் ஹேண்ட் பிரேக் போட்டு, ஏசியை அணைத்துவிட்டு, என்ஜின் சூடேறும் வரை காத்திருங்கள். சூடான என்ஜினின் ஐடில் வேகம், அதாவது ஆக்சிலரேட்டரைத் தொடாதபோது அது நிமிடத்துக்குச் சுழலும் எண்ணிக்கை (ஆர்பிஎம்), பெரும்பாலான சிறிய கார்களில் 700 முதல் 900 ஆர்பிஎம்முக்குள் அசையாமல் நிற்க வேண்டும். ஆர்பிஎம் மீட்டரின் முள் அசையாமல் இருந்தும் வண்டி அதிர்ந்தால், என்ஜின் மவுன்ட் ரப்பர் தளர்ந்திருக்கக்கூடும். முள் ஏறி இறங்கினால் காற்று, எரிபொருள், பொறி ஆகிய மூன்றில் ஏதோ ஒன்றில் குறை இருக்கிறது. 800 ஆர்பிஎம்மில் ஒவ்வொரு சிலிண்டரும் நிமிடத்துக்கு 400 முறை எரிய வேண்டும் என்பதால், ஒன்று மட்டும் எரியாமல் போனாலும் விநாடிக்கு ஏறத்தாழ ஏழு முறை என்ஜின் குலுங்கும். மெக்கானிக்குகள் மிஸ்ஸிங் என்று சொல்வது இதைத்தான்.

அடுத்து காற்றின் பாதையைப் பாருங்கள். ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தால் அடைப்பு தெரிந்துவிடும். மணலி, எண்ணூர் பக்கம் லாரிப் புழுதியில் தினமும் ஓடும் வண்டிகளில் கையேடு சொல்லும் தூரத்துக்கு முன்பே மாற்ற வேண்டியிருக்கும். அதைவிட முக்கியமானது வேக்கம் லீக், அதாவது என்ஜின் காற்றை இழுக்கும் பாதையில் ஏற்படும் கசிவு. நம் ஊர் வெயிலிலும் என்ஜின் சூட்டிலும் பல ஆண்டுகள் வெந்த ரப்பர் குழாய்கள் விறைத்து, முனைகளில் வெடித்துவிடுகின்றன. அந்த வெடிப்பு வழியாக, அளவில் சேராத காற்று உள்ளே நுழைகிறது. ஐடிலில் என்ஜினுக்குத் தேவையான காற்றே குறைவு என்பதால் இந்தத் திருட்டுக் காற்று அப்போது பெரிய பங்காகிவிடுகிறது. ரேஸ் கொடுத்தால் அதன் பங்கு சுருங்கி என்ஜின் சீராகிறது. ஆகவே, ஐடிலில் மோசம், ரேஸ் கொடுத்தால் சரியாகிறது என்றால் முதல் சந்தேகம் இதன்மேல் விழ வேண்டும். உஸ்ஸென்ற சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். குழாய் முனைகளில் சோப்பு நீரைச் சிறிது தெளித்து, ஐடில் மாறுகிறதா என்றும் பாருங்கள். மின் இணைப்புகளில் நீர் படக்கூடாது. எளிதில் தீப்பற்றும் ஸ்ப்ரேயைச் சூடான என்ஜின்மேல் அடிக்கும் வழக்கத்தைத் தயவுசெய்து பின்பற்றாதீர்கள். துப்பட்டா, வேட்டி முனை போன்றவை ஃபேனுக்கு அருகில் தொங்கக்கூடாது.

காற்றில் குறையில்லை என்றால் பொறிக்கு வாருங்கள். எந்தச் சிலிண்டர் வேலை செய்யவில்லை என்று அறிய, என்ஜினை அணைத்து சிலிண்டருக்குப் பெட்ரோலைப் பீய்ச்சும் ஓர் இன்ஜெக்டரின் மின் இணைப்பை மட்டும் கழற்றி, மீண்டும் ஸ்டார்ட் செய்யுங்கள். குலுக்கல் கூடினால் அந்தச் சிலிண்டர் நலம். எந்த மாற்றமும் இல்லை என்றால் அதுதான் குற்றவாளி. ஓடும் என்ஜினில் பிளக் வயரைப் பிடுங்கிப் பார்ப்பது உயர் மின்னழுத்தத்தால் ஆபத்தானது. பிறகு என்ஜின் முழுவதும் ஆறியபின் அந்தப் பிளக்கைக் கழற்றுங்கள். முனை இளம் பிஸ்கட் நிறத்தில் இருந்தால் நல்லது. உலர்ந்த கரி என்றால் எரிபொருள் அதிகம். எண்ணெய்ப் பிசுக்கு என்றால் வால்வு சீலோ பிஸ்டன் ரிங்கோ தேய்ந்திருக்கலாம். சிலிண்டருக்கு ஒரு காயில் உள்ள வண்டியானால், சந்தேகத்துக்குரிய காயிலைப் பக்கத்துச் சிலிண்டருக்கு மாற்றிப் போடுங்கள். மிஸ்ஸிங்கும் கூடவே இடம் மாறினால் காயில்தான் பழுது. இந்தச் சோதனைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை. வண்டியின் கணினி பதிவு செய்த கோளாறுக் குறியீடுகளைப் படிக்கும் ஓபிடி ஸ்கேனர் வேலை செய்யும் வண்டியில் பி 0301 என்ற குறியீடு முதல் சிலிண்டரின் மிஸ்ஸிங்கைக் குறிக்கும். காயில் வாங்க வேண்டிவந்தால் புதுப்பேட்டையில் பழையதைத் தேடாமல், ஜெனரல் பேட்டர்ஸ் சாலைக் கடைகளில் புதியதையே வாங்குவது நல்லது என்பது என் கருத்து.

ஐடில் சீராக இருந்து, பிக்கப் மட்டும் குறைந்தால் கதை வேறு. அப்போது ஃப்யூயல் ஃபில்டர் அடைப்பு, பம்ப் அழுத்தக் குறைவு, புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் அடைப்பு ஆகியவற்றைச் சோதிக்கச் சொல்லுங்கள். அதற்கும் முன்பாக, ஆக்சிலரேட்டரை அழுத்தும்போது ஆர்பிஎம் ஏறியும் வேகம் ஏறவில்லையா என்று பாருங்கள். அப்படியானால் கிளட்ச் வழுக்குகிறது, என்ஜினில் குறையில்லை.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரு சிலிண்டர் எரியவில்லை என்றால் சிலிண்டருக்குள் அழுத்தம் போதுமா என்று பார்க்கும் கம்ப்ரஷன் சோதனை தேவை. அதை மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள். எந்தக் கட்டத்திலும் டாஷ்போர்டில் உள்ள என்ஜின் விளக்கு விட்டுவிட்டு மின்னினால் வண்டியை அதற்குமேல் ஓட்டக்கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்சர் குழாய்க்குள் போய் எரிந்து, விலை உயர்ந்த கன்வெர்ட்டரை உருக்கிவிடும்.