ஏர் சஸ்பென்ஷனில் கம்ப்ரெஸர் செத்தால் ஒரு மாற்று வழி

என் ஜீப்பில் ஏர் சஸ்பென்ஷன், அதாவது வண்டியைத் தாங்குவது காற்று நிரப்பிய ரப்பர் ஸ்பிரிங்குகள். இரவு நிறுத்திய வண்டி, காலையில் பின்பக்க ஒரு மூலையில் மட்டும் இறங்கி நிற்கும். கிளப்பினால் காற்றடிக்கும் கம்ப்ரெஸர் நெடுநேரம் ஓடித்தான் தூக்கும். சோப்புத் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன். ஏர் ஸ்பிரிங்கின் ரப்பர் மடியும் இடத்தில் குமிழ் வந்தது. மண் பாதையில் ஓடும் வண்டிக்கு இது சகஜம். மணல் அந்த மடிப்பில் உட்கார்ந்து ரப்பரை அரைத்துவிடும்.

பின்பக்க ஸ்பிரிங் இரண்டையும் மாற்றினேன். ஓயாமல் ஓடிய கம்ப்ரெஸரின் ரிலேயையும் (அதை இயக்கும் மின் சுவிட்ச்), ஈரம் உறிஞ்சும் டிரையரையும் கூடவே மாற்றினேன். டிரையர் கெட்டால் ஈரம் வால்வு வரை போகும்.

அப்புறம்தான் எனக்கு முக்கியமாகப் பட்ட வேலை. காற்றைப் பிரித்து அனுப்பும் வால்வு பிளாக்கிலிருந்து ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் போகும் குழாயில் ஒரு டி இணைப்பு போட்டு, டயரில் இருப்பது போன்ற காற்று வால்வை வெளியே கொண்டுவந்தேன். காட்டுக்குள் கம்ப்ரெஸர் செத்தாலும் டயர் பம்பால் காற்றடித்து வண்டியைத் தூக்கலாம். அப்போது சஸ்பென்ஷன் ஃபியூஸைக் கழற்றிவிட வேண்டும். இல்லையென்றால் சஸ்பென்ஷனின் கம்ப்யூட்டரே காற்றை வெளியேற்றிவிடக்கூடும். குழாயைக் கத்தரியால் வெட்டாதீர்கள். நேராக வெட்டும் கட்டர் வேண்டும். குழாயின் வாய் சாய்ந்தால், இணைப்பில் உள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் காற்றைப் பிடிக்காது.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன்: காற்றை முழுக்க இறக்காமலும், வண்டியின் அடிச்சட்டத்துக்கு ஸ்டாண்ட் கொடுக்காமலும் வண்டிக்கு அடியில் போகவே கூடாது.

இப்போது நான்கு மூலையும் சமமாக நிற்கின்றன.