பழைய லீவர் துவக்கு: வாங்கும் முன் எங்கே பார்க்க வேண்டும்

திருகோணமலை உவர்மலையில் எனக்கு ஒரு சின்ன லேத் பட்டறை இருக்கிறது. கனடாவில் இருக்கும் மருமகன் லைசன்ஸ் எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவன். "மாமா, இதை எடுக்கலாமா?" என்று வட்ஸ்அப்பில் படம் அனுப்பிக்கொண்டே இருப்பான். அங்கே போயிருந்தபோது அவனுடைய வின்செஸ்டர் 94ஐ, அதாவது விசைக்குக் கீழே உள்ள லீவரை இறக்கி ஏற்றி ரவை போடும் துவக்கை, கையில் எடுத்துப் பார்த்தேன். இப்படி ஒரு வேலைப்பாட்டின் மேல் ஆசை வராமல் இருக்குமா? பக்கவாட்டில் எதுவும் துருத்தாது, எடை மூன்று கிலோ அளவுதான், நடுவில் பிடித்தால் ஒற்றைக் கையோடு பற்றைக்குள் நடக்கலாம்.

ஜோன் பிரவுனிங் வடிவமைத்து 1894இல் வந்தது இது. 2006 வரை அமெரிக்காவின் நியூ ஹேவனில் செய்தார்கள், எழுபது இலட்சத்துக்கு மேல். அதனால் அவசரப்பட வேண்டாம், நல்லது இன்னொன்று கிடைக்கும்.

கையில் வாங்கியதும் முதல் வேலை, உள்ளே ரவை இருக்கிறதா என்று பார்ப்பது. ஆள் இல்லாத பக்கம் குழலைத் திருப்பி, லீவரை முழுக்க இறக்கி, கண்ணாலும் சுண்டுவிரலாலும் பாருங்கள். குழலுக்குக் கீழே உள்ள குழாயில்தான் ரவைகள் ஒன்றன்பின் ஒன்றாக நிற்கும். ஒன்று உள்ளேயே சிக்கி நிற்கலாம். ஆகவே லீவரைப் பல தடவை இறக்கி ஏற்றிவிட்டு மறுபடியும் பாருங்கள். (முன்னால் நிற்கும் ரவையின் அடியில் பின்னால் உள்ளதன் மூக்கு முட்டும் என்பதால்தான் இதற்குத் தட்டை மூக்குச் சன்னம் போடுகிறார்கள். கூரான உலோக மூக்கு முன்னதை வெடிக்க வைத்துவிடலாம், அதனால் அந்தச் சன்னம் போடவே கூடாது.)

சரி, இப்போது இயக்கம். லீவரை மெதுவாக ஏற்றுங்கள். போல்ட் (ரவையைக் குழலுக்குள் தள்ளி மூடும் பாகம்) முன்னே போனதும் அதன் பின்னால் ஒரு இரும்புக் கட்டை கீழிருந்து எழுந்து பூட்டும். வெடிக்கும்போது வரும் அழுத்தம் முழுவதையும் தாங்குவது அதுதான். அது முழுசாக மேலே வராமல் பாதியில் நின்றால் அந்தத் துவக்கைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்து, வெறுந்துவக்கில் சுத்தியலைப் பாதிக் கொக்கியில், அதாவது பாதி இழுத்ததும் மாட்டி நிற்கும் இடத்தில், நிறுத்தி விசையை அழுத்துங்கள். சுத்தியல் விழவே கூடாது.

குழலின் வாயை டோர்ச் அடித்துப் பாருங்கள். இந்தத் துவக்கைப் பின்பக்கமிருந்து கம்பி விட்டுத் துடைக்க முடியாது, அதனால் பலர் முன்பக்கமிருந்தே விட்டு விட்டு எடுத்திருப்பார்கள். வாய் விளிம்பின் உட்பக்கம் ஒருபக்கமாகத் தேய்ந்திருந்தால் குறி தவறும். வாங்கிய பிறகு நீங்கள் கயிற்றுத் துடைப்பானைப் பின்பக்கமிருந்து இழுங்கள்.

அப்புறம் ஸ்குரூ தலைகள். காடி கிழிந்திருந்தால், அளவில்லாத ஸ்குரூ டிரைவரோடு யாரோ உள்ளே போயிருக்கிறார் என்று அர்த்தம். மரப்பிடி இரும்போடு சேரும் இடத்தை விரலால் தடவுங்கள். தொழிற்சாலையிலிருந்து வந்ததில் மரம் இரும்பைவிட ஒரு மயிரளவு உயர்ந்து நிற்கும். தாழ்ந்திருந்தால் யாரோ அரத்தாள் போட்டுத் தேய்த்துவிட்டார்கள். எனக்குப் புதுசாகப் பளபளப்பதைவிட நிறம் மங்கி, கை படாமல் இருப்பதே மேல். 1964இல் செலவைக் குறைக்கச் சில பாகங்களைத் தகட்டில் அழுத்திச் செய்யத் தொடங்கினார்கள். அதற்கு முந்தியவற்றுக்கு விலை கூட, அந்தக் கூடுதல் காசு நியாயமானதே.

கறளுக்குப் பயப்பட வேண்டாம். எங்கள் கடற்கரைக் காற்றில் எந்த இரும்பும் ஒரு வாரத்தில் சிவக்கும், அதனோடு பழகித்தான் பட்டறை நடத்துகிறோம். மேல்கறள் என்றால் எண்ணெய் ஊற்றி ஒருநாள் ஊறவிட்டு, மிக மெல்லிய ஸ்டீல் வூலால் அழுத்தாமல் துடையுங்கள். பவ் மெஷினில் (சுழலும் மெருகுச் சக்கரத்தில்) பிடித்தால் நீலப் பூச்சும் எழுத்துகளின் விளிம்பும் போய்விடும். குழலுக்குள் குழி விழுந்த கறள் என்றால் வேறு கதை, வாங்காதீர்கள்.

படம் பார்த்து வாங்குவதானால் லீவர் திறந்தபடி, குழல் வாய், ஸ்குரூ தலை, மரமும் இரும்பும் சேரும் இடம் என நாலு படம் கிட்டத்தில் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அனுப்பத் தயங்குகிறவரிடம் மருமகனை நான் காசு கொடுக்க விடுவதில்லை.