அல்சர் ரத்தக்கசிவுக்குச் சீன மூலிகை: மருந்தாக்குபவர்கள் சறுக்கும் இடங்கள்

ஷாங்காயில் தாஹுவாங் கிழங்கை மாத்திரையாக்கி, அல்சரில் ரத்தம் கசிந்த 312 பேருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். தாஹுவாங், நம் நாட்டு மருந்துக் கடை ரேவல்சின்னியின் சீன உறவு. 1990இல் வெளியான அந்த ஆய்வில் மூன்று வகைக் கிழங்கை ஒப்பிட்டார்கள். மூன்றிலும் 90 சதவீதத்துக்கு மேல் ரத்தம் நின்றது. கேட்கப் பிரமாதம்தான். ஆனால் வெற்று மாத்திரை வாங்கிய குழு அதில் இல்லை. அல்சர் ரத்தக்கசிவு நூற்றுக்குச் சுமார் 80 பேருக்குத் தானாகவே நின்றுவிடும். அப்புறம் கிழங்கின் பங்கு எவ்வளவு என்று எப்படிச் சொல்வது? இந்தத் துறையின் ஆகப்பெரிய தவறு இதுதான் என்பேன்.

இன்னொன்று, தாஹுவாங் ஒரு பேதி மருந்து. அல்சரில் ரத்தம் கசிந்தால் மலம் கறுக்கும். அது தெளிந்ததை வைத்து "ரத்தம் நின்றது" என்று கணக்கிட்டால், குடலைச் சீக்கிரம் கழுவிவிடும் எதுவும் நல்ல மதிப்பெண் வாங்கிவிடும்! எண்டோஸ்கோபியில் புண்ணைப் பார்க்க வேண்டும். மறுபடி கசிந்ததா, அறுவை சிகிச்சை தேவைப்பட்டதா, எத்தனை பேர் இறந்தார்கள் என்று எண்ண வேண்டும்.

எலியின் வாலை நறுக்கி, ரத்தம் சீக்கிரம் நிற்கிறதா என்று பார்ப்பது ஆய்வகங்களில் வழக்கம். வாலில் அமிலம் கிடையாது. இரைப்பையிலோ பெப்சின் என்னும் செரிமான நொதி, ரத்தம் உறைந்த கட்டியைக் கரைத்துவிடும். அமிலம் மிகுந்தால், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களும் சரியாக ஒட்டாது. மூலிகை அல்லாத மருந்துகளுக்கும் இதே கதிதான். உறைகட்டி கரையாமல் காக்கும் டிரானெக்ஸாமிக் அமிலத்தை, உணவுப்பாதையில் ரத்தம் கசிந்த 12,009 பேரிடம் சோதித்து 2020இல் முடிவை வெளியிட்டார்கள். இறப்பு குறையவில்லை, சிரைகளில் ரத்தம் உறையும் சிக்கல்தான் கூடியது.

ஜின்செங்கின் உறவான சான்ச்சி வேரில் சிக்கல் வேறு மாதிரி. ரத்தத்தை நிறுத்த 1902இல் சீனாவில் பிறந்த யுன்னான் பாயாவ் பொடியில் இருப்பது இந்த வேர்தான். முழுச் சேர்மானம் இன்றும் சீன அரசின் ரகசியம். ரத்தத்தை நிறுத்துவது சான்ச்சி வேரிலுள்ள டென்சிசின் என்னும் அமினோ அமிலம். அதே வேரின் சப்போனின்கள் என்னும் நுரைக்கும் சேர்மங்கள் தட்டணுக்களை ஒட்டவிடாமல் தடுக்கும். சீனாவில் பக்கவாத நோயாளிகளுக்கு அவற்றை ஊசியாகப் போடுகிறார்கள். அளப்பதற்கு வசதி என்று சப்போனினை மட்டும் செறிவாக்கினால், கைக்கு வருவது எதிர் மருந்து. வேரை அவித்தால் டென்சிசின் குறைந்துவிடும். சரி, டென்சிசினையே தனியாகப் பிரித்துவிடலாமே என்றால், கேசரிப் பருப்பில் கால்களை முடக்கும் நஞ்சும் அதுவேதான். அளவைக் கூட்டும்போது நரம்பு மண்டலத்தைச் சோதிக்காமல் விடக் கூடாது.

"மூலிகைதானே, பக்கவிளைவு இருக்காது" என்ற நினைப்புக்கு அதிமதுரமே பதில். அதிலிருந்து பிறந்த கார்பெனாக்சலோன் 1960களில் பிரிட்டனில் இரைப்பைப் புண்ணை உண்மையாகவே ஆற்றியது. கூடவே உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைக் குறைத்து, ரத்த அழுத்தத்தையும் ஏற்றியது. 1976இல் அமிலச் சுரப்பைக் குறைக்கும் சிமெடிடின் மருந்து வந்ததும் மருத்துவர்கள் அதற்கு மாறினார்கள்.