நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள பிள்ளை: வன்னிப் பெற்றோருக்கு

காய்ச்சல் 38 பாகையைத் தொட்டால் பனடோல் கொடுத்துவிட்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். இந்தப் பிள்ளைகளின் உடம்பில் கிருமி சில மணித்தியாலங்களிலேயே இரத்தத்தில் பரவலாம். துணுக்காய், ஒட்டுசுட்டான் பக்கம் இருப்பவர்கள் இரவில் எந்த வாகனத்தில் ஆஸ்பத்திரிக்குப் போவதென்று இன்றே பேசி வையுங்கள். கிளினிக் கொப்பி எப்போதும் பையில் இருக்கட்டும்.

பிறபொருளெதிரி (கிருமியை எதிர்க்கும் இரத்தப் புரதம்) குறைந்த பிள்ளைக்கு 3–4 கிழமைக்கு ஒருமுறை இம்யூனோகுளோபியூலின், அதாவது பிறர் தானம் செய்த இரத்தத்திலிருந்து எடுத்த பிறபொருளெதிரி, ஏற்றுவார்கள். வழமையான அளவு கிலோவுக்கு 0.4–0.6 கிராம், 10 கிலோ பிள்ளைக்கு 4–6 கிராம். பிள்ளை வளர வளர அளவும் கூட வேண்டும், ஆகவே ஒவ்வொரு முறையும் நிறுக்கச் சொல்லுங்கள். ஏற்றியது ஏறத்தாழ 3 கிழமையில் பாதியாகும். நான்காம் கிழமையில் சளி, இருமல் திரும்பினால் திகதியோடு எழுதிக் காட்டுங்கள். இடைவெளியைக் குறைப்பதா, அளவைக் கூட்டுவதா என்று வைத்தியர் அதைப் பார்த்துத் தீர்மானிப்பார். ஏற்றும்போது நடுக்கம், தலையிடி வந்தால் உடனே தாதியிடம் சொல்லுங்கள். வேகம் கூடியதே பெரும்பாலும் காரணம்.

என்புமச்சை மாற்றுச் சிகிச்சை எல்லோருக்கும் அல்ல. பிறபொருளெதிரி மட்டும் குறைந்திருந்தால் அதன் ஆபத்து பொதுவாகப் பலனை விடப் பெரிது. பிறபொருளெதிரியோடு கிருமியை எதிர்க்கும் கலங்களும் பிறப்பிலேயே குறைந்த கடுமையான கூட்டுக் குறைபாட்டில் (SCID) நிலைமை நேர்மாறு: தொற்று வருமுன், பிள்ளைக்கு மூன்றரை மாதம் ஆகுமுன் செய்தால் பலன் மிக நன்று. கூடப்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்தும் வாய்ப்பு நாலில் ஒன்று. பொருத்தம் பார்க்கும் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிசிஜி, வாய்வழிப் போலியோ, எம்எம்ஆர் போன்ற உயிருள்ள தடுப்பு மருந்துகளை நிபுணரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம். நாட்பட்ட கிரானுலோமா நோய் (வெள்ளைக் கலங்களால் சில கிருமிகளையும் பூஞ்சணத்தையும் கொல்ல முடியாத குறைபாடு) உள்ள பிள்ளையை வைக்கல் போருக்கும் எருக்குவியலுக்கும் கிட்ட விடாதீர்கள். அங்குள்ள பூஞ்சணம் நுரையீரலைப் பிடிக்கும்.