ஹாபிட்டை மறுபடி வாசிப்பவர்களுக்கு: இல்லாததைத் தேடாதீர்கள், யார் செய்தது என்று பாருங்கள்

முதலில் புத்தகம், அதுவும் கடைசிப் பக்கம் வரை. அதற்குப் பிறகுதான் படம். நடுவில் ஒரு படத்தைப் போட்டுவிட்டால் மிச்ச அத்தியாயங்களில், கதாநாயகன் பில்போவாக நடித்த மார்ட்டின் ஃப்ரீமனின் முகமே வந்து உட்கார்ந்துகொள்ளும். டோல்கீனின் ‘தி ஹாபிட்’ நாவல் மொத்தம் 19 அத்தியாயம். நாளுக்கு ஒன்று வாசித்தாலும் மூன்று வாரம் ஆகாது.

பீட்டர் ஜாக்சனின் மூன்று படங்களோடு பொருத்த, குறிப்பு நோட்டை மூன்றாகப் பிரித்துக்கொள்ளுங்கள். 1 முதல் 6 வரை 2012 படம், 7 முதல் 12 வரை 2013 படம், மிச்சம் 2014 படம். திரையரங்கப் பதிப்பு மூன்றும் சேர்ந்து கிட்டத்தட்ட 8 மணி நேரம். நீட்டித்த பதிப்பு அதைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதல். எதைப் பார்ப்பது என்று முன்பே முடிவுசெய்யுங்கள். ஒன்றைப் பாதி, இன்னொன்றைப் பாதி பார்த்துவிட்டு “இது படத்தில் இல்லை” என்று எழுதினால் கட்டாயம் தப்பாகும்.

நோட்டில் எதை எழுதுவது? எது விடுபட்டது, எது புதிது என்ற பட்டியலில்தான் பலரும் நேரத்தை விடுகிறார்கள். படத்தில் வரும் டாரியல் நாவலில் இல்லை, லெகோலஸும் இல்லை, படத்தின் வில்லன் அசோக் (Azog) நாவலில் எப்போதோ செத்துப்போனவன். இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு பெரிய சம்பவத்துக்கும் இரண்டு வரி போதும்: காரியத்தை முடித்தது யார்? அது எந்த அத்தியாயத்தில்?

இரண்டாம் அத்தியாயத்தில் சோதித்துப் பாருங்கள். வெயில் பட்டால் கல்லாகிவிடும் ராட்சதர்களான ட்ரோல்களிடம், பில்போவோடு பயணம் போகும் குள்ளர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். நாவலில் மந்திரவாதி காண்டால்ஃப் மறைந்திருந்து ட்ரோல்களின் குரலிலேயே பேசி, விடியும்வரை அவர்களைச் சண்டைபோட வைக்கிறார். படத்தில் அந்த வேலை பில்போவுக்குப் போகிறது. குள்ளர்களை எப்படிச் சமைப்பது என்று பேசிப் பேசி நேரத்தைக் கடத்துகிறான். காண்டால்ஃப் கடைசியில் வந்து பாறையைப் பிளந்து வெயிலை உள்ளே விடுவதோடு சரி. ஆறாம் அத்தியாயத்திலும் இதே கதைதான். நாவலில் பில்போ மரத்தில் தொற்றிக்கொண்டு நடுங்குகிறான். படத்திலோ குள்ளர்களின் தலைவன் தோரினைக் காப்பாற்ற வாளோடு பாய்கிறான். ஏன்? கதையை மூன்றாக வெட்டினால் முதல் படத்துக்கும் ஓர் உச்சக்கட்டம் வேண்டும். எட்டாம் அத்தியாயத்தில் சிலந்திகளிடம் வரவேண்டிய வீரத்தை முன்கூட்டியே கடன் வாங்கிவிட்டார்கள்.

நிதானமாகப் பார்க்கவேண்டிய காட்சி 11ஆம் அத்தியாயத்து ரகசியக் கதவு. குள்ளர்களின் புத்தாண்டான டூரின் நாளின் கடைசி வெளிச்சத்தில்தான் சாவித்துவாரம் தெரியும். நாவலில் சூரியன் சரிகிறது, குள்ளர்கள் நம்பிக்கை இழக்கிறார்கள், அந்த நேரம் மேகத்தின் கிழிசல் வழியாக ஒரு சிவந்த கதிர் வந்து பாறையில் படுகிறது. ஒரு சில்லு பெயர்ந்து விழ, துவாரம் தெரிகிறது. படத்தில் சூரியன் முழுதாக மறைந்து, குள்ளர்கள் மலையிறங்கக் கிளம்பியே விடுகிறார்கள். பில்போ மட்டும் நிற்கிறான். நிலா வருகிறது. அந்த நாளின் கடைசி வெளிச்சம் நிலவொளி என்று அவனுக்குத்தான் புரிகிறது. நாவலில் பொறுமைக்கும் தற்செயலுக்கும் கிடைத்த பலன், படத்தில் பில்போவின் புத்திக்கூர்மை ஆகிவிடுகிறது. சினிமாவாக நன்றாகவே இருக்கிறது. ஆனால் வேறு கதை.

13, 14 அத்தியாயங்களில் குழம்பிவிடாதீர்கள். டிராகன் ஸ்மாக் பறந்துபோன பிறகு மலைக்குள் நடப்பதை முதலில் சொல்லிவிட்டு, இரண்டு நாள் பின்னால் போய் ஏரி நகரம் எரிவதைச் சொல்கிறார் டோல்கீன். படம் இதை நேர்வரிசையில் அடுக்குகிறது. அதனால் குறிப்பில் 14ஐ முன்னால் வைத்துக்கொண்டால் காட்சிகளோடு பொருந்தும்.

ஐந்தாம் அத்தியாயத்தில் இன்னொரு விஷயம். 1937 முதல் பதிப்பில் குகைவாசி கோல்லம், பில்போவோடு நடக்கும் விடுகதைப் போட்டியில் தன் மாய மோதிரத்தையே பரிசாகத் தருவதாகச் சொல்கிறான். தோற்றதும் அது காணாமல்போக, மன்னிப்புக் கேட்டு வெளியேறும் வழியைக் காட்டுகிறான். பின்னால் வந்த ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ பெருங்கதைக்கு மோதிரம் கொடியதாக இருக்கவேண்டும் என்பதால் 1951இல் டோல்கீன் இதை மாற்றினார். இன்று கடையில் கிடைப்பது மாற்றிய வடிவம். ஜாக்சன் எடுத்ததும் அதையே. ஆக, முதல் தழுவல் ஆசிரியர் கையாலேயே நடந்தது.

ஜாக்சனோடு நிறுத்தாமல் ராங்கின்–பாஸ் நிறுவனத்தின் 1977 அனிமேஷனையும் பாருங்கள். ஒன்றேகால் மணி நேரம்தான். கரடியாக மாறும் பியார்ன் இல்லை, ஆர்கன்ஸ்டோன் ரத்தினம் இல்லை. ஆனால் நாவலின் பாட்டுகள் நிறைய இருக்கின்றன. ஒருவர் எதை வெட்டினார் என்பது, இன்னொருவர் ஏன் நீட்டினார் என்பதைக் காட்டிக்கொடுக்கும். இரண்டிலும் காணாமல்போவது கதைசொல்லியின் குரல். நடுநடுவே வாசகரைக் கூப்பிட்டுக் கிண்டலடிக்கும் அந்தக் குரலுக்கு, படத்தில் கோல்லமாக நடித்த ஆண்டி செர்கிஸ் 2020இல் வாசித்த ஒலிநூல்தான் நல்ல துணை.

எல்லாம் முடிந்தபின் எட்டாம் அத்தியாயத்தை மட்டும் இன்னொரு தடவை எடுங்கள். இருட்டில் தனியாக முதல் சிலந்தியைக் கொன்றுவிட்டு பில்போ வாளுக்கு ‘ஸ்டிங்’ என்று பெயர் வைக்கிறான். அப்போது பார்க்க ஒரு குள்ளனும் பக்கத்தில் இல்லை. படத்து பில்போவை முதல் படம் முடியும்போதே தோரின் கட்டிப்பிடித்தாயிற்று.