பல் கிளிப் போட்டிருக்கும்போது வேர்களைக் கண்காணிப்பது எப்படி?

கம்பியின் அழுத்தம் வேரைச் சுற்றியுள்ள எலும்பைக் கரைத்துப் பல்லுக்கு வழிவிடச் செய்கிறது; அதே அழுத்தம் அளவு மீறினாலோ நெடுநாள் நீடித்தாலோ, வேரின் மேலுறையான சிமென்டமும் ஆங்காங்கே அரிக்கப்படுகிறது. பெரும்பாலும் அவை நுண்ணிய குழிகளே. அழுத்தம் தணிந்ததும் புதிய சிமென்டம் படிந்து ஆறிவிடும். ஆனால் வேரின் நுனி குட்டையாகிவிட்டால் இழந்த நீளம் திரும்பாது. பொதுவாக வலி இருக்காது என்பதால் எக்ஸ்ரேயைத்தான் நம்ப வேண்டும்.

ஆகவே, சென்னையில் கோட்டை ரயில் நிலையம் அருகிலுள்ள அரசு பல் மருத்துவக் கல்லூரிக்குச் சென்றாலும், அண்ணா நகரில் ஒரு தனியார் கிளினிக்கிற்குச் சென்றாலும், கிளிப் போடுவதற்கு முன் எடுக்கும் ஓபிஜி எக்ஸ்ரேயின் (எல்லாப் பற்களையும் ஒரே படத்தில் காட்டுவது) பிரதியைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். சிறுவயதில் விழுந்து முன்பல்லில் அடிபட்டிருந்தால், அது எவ்வளவு பழைய கதையானாலும், மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். அத்தகைய பற்களுக்கும், நுனி மெலிந்து வளைந்த வேர்களுக்கும் அரிப்பின் வாய்ப்பு அதிகம்.

சிகிச்சை தொடங்கிய 6 முதல் 9 மாதங்களில், அதிகம் பாதிக்கப்படும் மேல் முன்பற்களுக்கு மட்டும் சிறிய எக்ஸ்ரே எடுக்கலாமா என்று கேளுங்கள். பழைய படத்தில் கூர்மையாக இருந்த நுனி இப்போது மழுங்கியிருந்தால், பொதுவாக 2 அல்லது 3 மாதங்கள் விசை தராத கம்பியோடு பற்களுக்கு ஓய்வு கொடுப்பார்கள். அந்த நேரத்தில், கல்யாணத் தேதியைக் காட்டி மருத்துவரை அவசரப்படுத்துவது (நம் ஊரில் இது வழக்கம்தான்) வேருக்கு நல்லதல்ல. கிளிப்பைக் கழற்றியபின் இந்த அரிப்பு பொதுவாக நின்றுவிடும்.